ஃபிடில்: முதலில் காது, பிறகு வில்

அயர்லாந்தின் ஃபிடிலும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டு ஃபிடிலும் வயலினேதான். இரண்டு இசையும் ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்டு, பெரும்பாலும் செவிவழியாகக் கைமாறியவை. அதனால் ஸ்வரத்தாளை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே ஒரு மெட்டு போதும். அயர்லாந்து வழிக்குக் ‘கெஷ் ஜிக்’, அப்பலாச்சிய வழிக்கு ‘ஏஞ்சலினா பேக்கர்’. வாய் தானாக முணுமுணுக்கும்வரை கேளுங்கள். அதுவரை கருவியைத் தொடவேண்டாம். பெரும்பாலான மெட்டுகளில் எட்டு பார் (தாளக் கூறு) நீளமுள்ள இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வரும்.

அடுத்து வலது கை. இங்கேதான் அதிக நாள் செலவிட வேண்டும். ஜிக் என்னும் ஆட்ட மெட்டில் ஸ்வரங்கள் மும்மூன்றாக விழும். ஒவ்வொரு மூன்றின் முதல் ஸ்வரத்திலும் வில்லைச் சற்று அழுத்துங்கள். அப்பலாச்சிய ‘ஷஃபிள்’ என்பது ஒரு நீள இழுப்பு, இரண்டு குறும் இழுப்பு. மெட்டே இல்லாமல், ஒற்றைத் தந்தியில் இதைச் சாதகம் செய்யுங்கள். ஒரு ஸ்வரத்தை அதன் மேல், கீழ் ஸ்வரங்களால் சுற்றிவரும் ‘ரோல்’ மீது எல்லோருக்கும் ஆசை. வில் தாளத்தில் நிற்காத கையில் ரோல் மெட்டையே இடறவைக்கும். அது பிறகு.

அப்பலாச்சியர்கள் பல மெட்டுகளுக்குத் தந்திகளை ஏ-ஈ-ஏ-ஈ எனக் கூட்டுவார்கள். கர்நாடக வயலின்காரர்களுக்கு இது பழகிய ச-ப-ச-ப. வழக்கமான ஜி-டி-ஏ-ஈ கூட்டிலிருந்து தடித்த இரு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும், மெல்ல முறுக்குங்கள். மெட்டு ஓடும் தந்தியோடு பக்கத்துத் தந்தியும் சுருதியாய் ஒலிக்கட்டும். வட கரோலினாவின் டாமி ஜாரெல் (1901–1985) பதிவுகளில் இதைக் கேளுங்கள். அயர்லாந்துக்கு, 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த ஸ்லைகோக்காரர் மைக்கேல் கோல்மன். தொடக்கத்தில் இரு வழிகளையும் கலக்காதீர்கள், இரண்டுமே மங்கிப்போகும்.

கற்பிப்பவருக்கு: இரண்டு பார் வாசியுங்கள், மாணவர் திருப்பி வாசிக்கட்டும். தவறினால் விளக்கம் வேண்டாம். மறுபடி வாசித்துக் காட்டுங்கள். துண்டுகள் பிடிபட்டதும் கோத்துவிடுங்கள். அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து ஃபிடில் ஆசிரியர் போட்ரிக் ஓகீஃப் (1887–1963) மாணவர்களுக்குத் தாமே ஒரு குறிமுறையில் எழுதிக்கொடுத்தார்: கோடுகளின் இடைவெளிகள் தந்திகள், எண்கள் விரல்கள். வீட்டில் நினைவூட்ட அப்படி ஒரு தாள் கொடுக்கலாம். கூடவே மெதுவாக ஒருமுறை, ஆட்ட வேகத்தில் ஒருமுறை பதிவுசெய்து கொடுங்கள்.

அடுத்த வகுப்பில் புதிய மெட்டுக்குப் போகுமுன், பழையதை இருவரும் சேர்ந்து மூன்று சுற்று வாசியுங்கள்.