கவச உடையைக் கழற்றும் நேரம்: வன்னி வைத்தியசாலைப் பணியாளருக்கு

2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் கொவிட் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது முன்வரிசையில் நின்றவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் அதற்கு முதல்நாள்தான் வந்திறங்கியிருந்தன. பிறகு இந்தியாவிலிருந்து வரவு நின்றது. முதல் ஊசி போட்ட பலர், யப்பான் அனுப்பிய மருந்து ஜூலை முடிவில் வரும்வரை இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் முதல் ஊசியோடு முகக்கவசமும் கைகழுவலும் சேர்ந்தே அவர்களைக் காத்தன. அதனால் ஊசியையும் பழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொற்று வரும் முன்பே உங்கள் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஈரல் அழற்சி பி ஊசி மூன்றும் போட்டாயிற்றா? தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அம்மாள் வருத்தம் (கொப்பளிப்பான்) வந்திராதவர்கள் அதற்கான ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஏற்றக்கூடாது. 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கொப்பளிப்பான் பரவிய வேகத்தைக் கண்டவர்கள் இதைச் சின்ன விடயமாக நினைக்கமாட்டார்கள்.

ஊசி ஏற்றும் நாளில் ஒரே விடுதியின் தாதியர் எல்லோரையும் ஒன்றாக அனுப்பவேண்டாம். மறுநாள் காய்ச்சலும் உடல்நோவும் பலருக்கு வரும். அன்றைய முறைக்கு ஆள் இல்லாமல் போகும். மருந்துக் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது. வன்னியில் மின்சாரம் நின்றால் வெக்கை மருந்துப் பெட்டிக்குள்ளும் ஏறத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறவாமல் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் இருத்தி வையுங்கள், முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்களை 30 நிமிடம். அட்ரினலின் அலுமாரியில் பூட்டிக் கிடக்காமல் மேசையில் இருக்கவேண்டும். பாதுகாப்பு வளர இரண்டு கிழமையாவது எடுக்கும். ஊசி போட்ட அன்றே முகக்கவசத்தைத் தளர்த்தாதீர்கள்.

கவச உடை அணியும் ஒழுங்கு: கை சுத்தம், மேலங்கி, என்-95 முகக்கவசம், கண்ணாடி, கடைசியில் கையுறை. முகக்கவசத்தைப் போட்டபின் பலமாக மூச்சு விட்டு, ஓரங்களால் காற்றுக் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தாடி இருந்தால் கசியும்.

கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். கிளிநொச்சி கிருஷ்ணபுரத்தில் கொவிட் நோயாளருக்கென்று வைத்தியசாலை இயங்கிய காலத்தின் வெக்கையை நினைத்துப் பாருங்கள். நான்கு மணித்தியாலம் பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்து நனைந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே இழுவையில் பிடுங்கி எறியத்தான் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கையுறை, கை சுத்தம். மேலங்கியை உட்புறம் வெளியே வரச் சுருட்டிப் போடுங்கள், மறுபடி கை சுத்தம். விடுதிக்கு வெளியே வந்து கண்ணாடி. கடைசியாக முகக்கவசம், பின்பட்டியில் பிடித்து, முன்பக்கம் தொடாமல். திரும்பவும் கை சுத்தம். மதுசாரத் திரவமென்றால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமென்றால் 40 முதல் 60. பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிழை குறையும். களைத்த மனம் ஒழுங்கை மறந்துவிடும்.

அடுத்தது விடுதித் துப்புரவு. 5 வீதக் குளோரின் திரவமென்றால் மேசை, கட்டில் துடைக்க ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. முதலில் அழுக்கை அகற்றிவிட்டுப் பூசி 10 நிமிடம் விடுங்கள். நாளாந்தம் புதிதாகக் கலக்குங்கள். அமிலத் திரவங்களுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இதைச் செய்வது பெரும்பாலும் சிற்றூழியர்கள். தாதியருக்குக் கொடுக்கும் அதே கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்கும் கொடுக்கவேண்டும். கூட்டுபவரின் மூச்சும் வைத்தியரின் மூச்சும் ஒன்றுதான்.

நோயாளியின் கட்டிலடியில் அவதானமாக நின்றவர்கள் தேநீர் அறையில் முகக்கவசம் கழற்றி எதிரெதிரே இருந்து கதைப்பதைப் பார்த்திருக்கிறேன். யன்னல்களைத் திறந்துவிட்டு இருவர் இருவராகக் குடியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக ஒரே வானில் வருபவர்கள் குளிரூட்டியை நிறுத்தி வானின் கண்ணாடியை இறக்குங்கள்.

வீட்டுக்குப் போனதும் செத்தவீட்டுக்குப் போய்வந்த நாளைப் போல கிணற்றடியில் தோய்ந்துவிட்டு உள்ளே போங்கள். இரவில் தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால், காலையில் வான் ஏறுவதற்கு முன்பே பொறுப்புத் தாதிக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.