யுவி வார்னிஷும் அச்சகத் தொழிலாளரின் கைகளும்

சிவகாசி என்றவுடன் பட்டாசுத் தீக்காயமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தோல் சிகிச்சைக்காக எங்களிடம் வருவோரில் அச்சகத் தொழிலாளர்களும் உண்டு. விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்து, அரிப்போடு வருவார்கள்; சிலருக்குக் கண்ணிமையும் வீங்கியிருக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். நாட்காட்டி அட்டைக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் பளபளப்பூட்டும் யுவி வார்னிஷைக் கையாளுகிறீர்களா என்பதே நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி.

சாதாரண மை தாளில் ஊறியும் காற்றுப் பட்டும் உலர்கிறது. யுவி வார்னிஷ் உலர்வதில்லை. ஒளி பட்டு இறுகுகிறது. அதில் அக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகளும், சிறிதளவு ஒளித்துவக்கியும் உள்ளன. துவக்கியைத் திரி எனக் கொள்ளலாம். புற ஊதாக் கதிர் பட்டதும் துவக்கி பிளவுபடுகிறது. பிளந்த துண்டில் ஓர் எலக்ட்ரான் இணையின்றி நிற்கும். அத்துண்டு அருகிலுள்ள அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து அதனோடு சேரும். சேர்ந்த பின்னும் முனையில் இணையற்ற எலக்ட்ரான் இருப்பதால், அது அடுத்த மூலக்கூறைப் பற்றும். சரவெடியில் ஒன்று அடுத்ததைப் பற்றவைப்பது போலத்தான். ஆனால் சரவெடி சிதறுகிறது, இங்கோ மூலக்கூறுகள் கோத்துக்கொள்கின்றன. நொடிப்பொழுதில் திரவம் கெட்டியான படலமாகிவிடுகிறது.

நன்றாக இறுகிய படலம் தோலுக்குள் நுழையாது. இறுகாத திரவத்தின் சிறு மூலக்கூறுகள் நுழையும். தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாக ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். விளக்கு பழையதாகித் திறன் குறைந்தாலோ, இயந்திரம் மிகுவேகமாக ஓடினாலோ படலம் அரைகுறையாகவே இறுகும். ஆகவே வார்னிஷ் ஊற்றுபவர் மட்டுமன்றி, தாள்களை அடுக்கும் பெண்களும் பாதிக்கப்படலாம்.

"கையுறை போட்டுத்தானே வேலை செய்தேன்" என்று வருந்துவோர் உண்டு. மெல்லிய ரப்பர் கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். தடித்த நைட்ரைல் கையுறை தேவை. திரவம் சிந்தினால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள். அது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் கரைத்துவிடும். உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்துச் சோப்பு நீரால் கழுவுங்கள்.

ஆடிப்பெருக்கில் நாட்காட்டி ஆல்பம் வெளியானது முதல் மார்கழி வரை வேலை ஓயாது. அந்நாட்களில் கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு பலரும் காலம் தள்ளுகின்றனர். விடுமுறையில் ஆறி, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வெடித்தால் அது தொழிலோடு தொடர்புடையது என ஐயுறுங்கள். முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டறிவோம். ஒட்டு 48 மணி நேரம் இருக்கும். வரும்போது வார்னிஷ் டப்பாவின் முகப்புச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். வார்னிஷைத் தாமே தோலில் தடவிச் சோதித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இல்லாத ஒவ்வாமையையும் அது உண்டாக்கிவிடும்.

ஒவ்வாமை உறுதியானவர்கள் பல் மருத்துவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். நீல ஒளி காட்டிப் பல்லை அடைக்கும் பசையும் இதே முறையில்தான் இறுகுகிறது. அதன் மூலப்பொருளான மெத்தாக்ரிலேட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லை அடைக்கவே கூடாது என்பதில்லை. முன்னரே தெரிந்தால் அவர் கவனமாக இருப்பார். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் எலும்புச் சிமெண்டு பயன்படுவதால் எலும்பு மருத்துவரிடமும் கூறுங்கள். அழகு நிலையத்தில் விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சைத் தவிர்த்துவிடுங்கள்.

கண்ணைப் பற்றியும் ஒன்று. மூடி திறந்த யுவி விளக்கைப் பார்த்தவருக்கு உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் விழுந்தாற்போல் உறுத்தும். தாய்ப்பால் விடுவது, மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி விடுவது இரண்டும் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.