பந்தைப் பார்க்காதீர்கள்: டெக்சஸ் பள்ளி ஃபுட்பால் பிளேஆஃப் – ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் பாதியில் டல்லாஸ் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போர்வை, தண்ணீர் பாட்டில், உட்காரும் மெத்தை சகிதம் வீடே கிளம்புகிறது. "ஸ்கூல் மேட்ச்" என்கிறார்கள். நம் ஊர் ஸ்போர்ட்ஸ் டேயை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஆடிப்போவீர்கள். ஆலன் என்ற புறநகரில் 2012இல் 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் உட்காரும் மைதானம் கட்டினார்கள். ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்கு! (இரண்டே ஆண்டில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு ஒரு சீசன் முழுக்கப் பூட்டிக் கிடந்தது தனிக்கதை.)

நான் பார்த்த முதல் ஆட்டத்தில் பந்தையே துரத்திக்கொண்டிருந்தேன். பந்தை எறிகிறவனான குவார்ட்டர்பேக், இன்னொருவன் கையில் பந்தைத் திணிப்பதுபோல் பாவனை செய்ய, என் கண் அவன் பின்னால் ஓடியது. பந்து மறுபக்கம் போய் டச்டவுனே ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, பந்தைப் பார்க்காதே, முன்வரிசையைப் பார்." இந்த வழிகாட்டி அந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

படி 1: நாலு வாய்ப்பு, பத்து யார்டு

இது காலால் உதைத்தே ஆடும் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. முடியாது என்று தோன்றினால் நான்காவது வாய்ப்பில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி. அதன் பின் உதைத்தால் 1. ஓடியோ எறிந்தோ உள்ளே கொண்டுபோனால் 2. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3. கால் பகுதிக்கு 12 நிமிடம், மொத்தம் நான்கு பகுதி. இவ்வளவு தெரிந்தால் உள்ளே போகலாம். மற்றதைப் பாப்கார்ன் வாங்கும் வரிசையில் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: யாருக்கு யார்?

டெக்சஸ் அரசுப் பள்ளிகளின் விளையாட்டை நடத்துவது யூஐஎல் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு. மாணவர் எண்ணிக்கையை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்புகளாகப் பள்ளிகளைப் பிரித்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலைத்து அடுக்குவார்கள். 6ஏ பள்ளியில் இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். 1ஏ பள்ளியில் நூறு பேர் இருந்தாலே அதிகம். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரிவு. ஆக, டிசம்பரில் மாநிலத்துக்கு 12 சாம்பியன்கள்.

லீக் ஆட்டங்கள் 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சின்னக் குழுவுக்குள் நடக்கும். பெரும்பாலான வகுப்புகளில், குழுவில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் பிளேஆஃபுக்குப் போவார்கள். முதல் சுற்றில் ஒரு டிஸ்ட்ரிக்டின் முதலிடம் பக்கத்து டிஸ்ட்ரிக்டின் நான்காம் இடத்தோடும், இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடும் மோதும். 6ஏயில் மட்டும் ஒரு திருகல் உண்டு. தேறிய நான்கு அணிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டும் முதல் பிரிவுக்கு, மற்ற இரண்டும் இரண்டாம் பிரிவுக்கு. டிஸ்ட்ரிக்டில் தட்டுத்தடுமாறி நான்காவதாக வந்த அணி, பள்ளி பெரிதாக இருக்கும் ஒரே காரணத்தால், முதல் பிரிவில் ராட்சதர்களோடு போய் விழலாம்.

இந்த வகுப்புகளில் பிரிவுக்கு 64 அணிகள், ஆறு சுற்று. தோற்றால் அன்றோடு சரி. மூன்றாம் சுற்று நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வரும். அந்த விடுமுறைக் காலையிலும் பயிற்சிக்குப் போவதுதான் ஒரு பள்ளிக்குப் பெருமை. ஃபோர்ட் வொர்த் அருகே ஆலிடோ என்ற ஊர் அந்தக் காலைகளுக்குப் பழகிப்போனது: 2023 வரை 12 மாநிலக் கோப்பைகள், வேறெந்தப் பள்ளியிடமும் அத்தனை இல்லை. இறுதி ஆட்டங்கள் தொழில்முறை அணியான டல்லாஸ் கவ்பாய்ஸின் ஆர்லிங்டன் மைதானத்தில்.

எங்கே ஆடுவது என்பதும் வியூகத்தின் ஒரு பகுதி. நெடுங்காலமாக இரண்டு பயிற்சியாளர்களும் போனில் பேசி முடிவு செய்வதே வழக்கம்: நடுவழியில் ஒரு பொது மைதானமா, அல்லது காசு சுண்டி உங்கள் ஊரா எங்கள் ஊரா என்று பார்ப்பதா? மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோ அணி ஒடெசாவில் ஆட வேண்டுமென்றால் சுமார் 450 கிலோமீட்டர் பஸ் பயணம். இறங்கியதும் ஓடச் சொன்னால் எந்தக் கால் ஓடும்?

காசு சுண்டுவதன் உச்சம் 1988. ஒடெசா பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை பள்ளிகள் மூன்றும் டிஸ்ட்ரிக்டில் சமநிலை, அன்று பிளேஆஃபுக்குப் போகக்கூடியவை இரண்டே. நள்ளிரவு தாண்டி ஒரு லாரி நிறுத்தத்தில் மூன்று பயிற்சியாளர்களும் ஆளுக்கொரு காசு சுண்டினார்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி நேரலையில். ஒற்றையாய் விழுந்தது மிட்லண்ட் ஹையின் காசு. ஒரு சீசன் உழைப்பு அந்தக் காசோடு போயிற்று. 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' புத்தகம் பேசும் சீசன் இதுதான்.

படி 3: இவர்கள் எப்படி ஆடுகிறவர்கள்?

பிளேஆஃபின் சாரம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று போவோம்.

டெக்சஸில் எத்தனை பாணி இருந்தாலும், புதியவருக்கு இரண்டு எல்லைகள் தெரிந்தால் போதும். ஒன்று ஸ்ப்ரெட்: பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் நான்கைந்து பேரை மைதானத்தின் அகலம் முழுக்க விரித்து நிறுத்தி, எதிரணியைப் பாயாக விரிய வைத்து, இடைவெளிகளில் பந்தை எறிவது. இதன் பிரபலமான கிளையான 'ஏர் ரெய்டு' பாணியை வளர்த்த ஹால் மம்மி, கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆகுமுன் 80களின் பிற்பாதியில் காப்பரஸ் கோவ் என்ற டெக்சஸ் ஊரின் பள்ளிப் பயிற்சியாளராக இருந்தவர். மறு எல்லை ஸ்லாட்-டி: எல்லோரும் ஒட்டி நெருங்கி நிற்பார்கள், எறிவதே அபூர்வம். பின்வரிசையில் மூன்று பேர் குறுக்கும் நெடுக்குமாக ஓட, பந்து யார் கையில் என்று நடுவருக்கே சந்தேகம் வரும். ஆஸ்டின் பக்கம் லிபர்ட்டி ஹில் பள்ளி 2006, 2007 இரண்டு ஆண்டும் இந்தப் பழைய வித்தையை வைத்தே கோப்பை வாங்கியது.

ஊரே ஸ்ப்ரெட் ஆடும்போது பழைய வித்தை ஏன் செல்லுபடியாகிறது? காலண்டரைப் பாருங்கள். வெள்ளி இரவு ஜெயிக்கிறீர்கள். சனி காலை இரண்டு பயிற்சியாளர்களும் ஆட்ட வீடியோக்களை ஹடல் என்ற செயலியில் பரிமாறிக்கொள்கிறார்கள். ஞாயிறு உட்கார்ந்து திட்டம். திங்கள் முதல் புதன் வரை பயிற்சி. வியாழன் லேசாக ஒரு ஒத்திகை. மூன்றே நாள். அந்த மூன்று நாளில், ஸ்லாட்-டியைப் பார்த்தே இராத பையன்களுக்கு அதைத் தடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எதிரணி மாதிரி நடித்துக்காட்டும் உங்கள் ரிசர்வ் பையன்களுக்கோ அதை ஆடவே தெரியாது. டிஸ்ட்ரிக்டில் ஆண்டுதோறும் ஒரே முகங்களோடு மோதிய அணி, பிளேஆஃபில் அறியாத முகத்தைச் சந்திக்கிறது. கபடியில் இடது காலால் போனஸ் தேடும் ரெய்டரை முதல்முறை பார்க்கும் கார்னர் ஆட்டக்காரர் தடுமாறுவதில்லையா, அதே கதை.

2003 இறுதி ஆட்டம் என் கணக்கில் இதற்கு நல்ல உதாரணம். சவுத்லேக் கேரல் ஸ்ப்ரெட்டின் செல்லப்பிள்ளை. 2002 முதல் 2006 வரை ஐந்து சீசனில் 79 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியைக் கொடுத்தது ஹூஸ்டன் அருகே கேட்டி: தடுப்பிலும் நேரடி ஓட்டத்திலும் பேர் வாங்கிய பள்ளி. ஸ்கோர் 16–15. ஸ்ப்ரெட் தோற்றுப்போனது என்று இதற்கு அர்த்தம் பண்ண வேண்டாம். கேரல் அடுத்த மூன்று ஆண்டும் கோப்பையைத் தூக்கியது. ஆனால் மெதுவாக ஆடும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், வேகமாக ஆடும் அணி ஓரத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

படி 4: ஆட்டம் தொடங்குமுன் கேட்க வேண்டியவை

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரரிடம் முதலில் கேளுங்கள்: "உங்கள் லைன்மேன்கள் எப்படி?" குவார்ட்டர்பேக்கைப் பற்றிக் கேட்டால் நீங்கள் புதியவர் என்று தெரிந்துவிடும். முன்வரிசையில் ஐந்து பேர், பெரும்பாலும் அணியிலேயே கனமான பையன்கள், பந்தோடு ஓடுவதே இல்லை. அவர்கள் எதிரே நிற்பவரை இரண்டு அடி பின்னுக்குத் தள்ளினால் சுமாரான ஓட்டக்காரனும் வீரனாகிவிடுவான்.

அடுத்த கேள்வி: "இரண்டு பக்கமும் ஆடுகிறவர்கள் எத்தனை பேர்?" சின்னப் பள்ளிகளில் அதே பையன் தாக்குதலிலும் நிற்பான், தடுப்பிலும் நிற்பான். அப்படிப்பட்ட அணி மூன்றாம் பகுதி வரை சமமாக ஆடி, நான்காம் பகுதியில் சரியும். மூச்சு வாங்க இடுப்பில் கைவைத்து நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்கோர்போர்டு சொல்லாததை அது சொல்லும்.

காற்று, மழை பற்றி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஈரப் பந்தை எறிவது கடினம் என்பதற்கு வல்லுநர் தேவையில்லை.

படி 5: பெட்டியை எண்ணுங்கள்

ஆட்டம் தொடங்கிவிட்டது. பந்து கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நொடிதான் உங்கள் நேரம். தாக்கும் அணியின் முன்வரிசைக்கு நேர் எதிரே, ஐந்தாறு யார்டுக்குள் எத்தனை தடுப்பாளர்கள் நெருங்கி நிற்கிறார்கள்? அந்த இடத்துக்குத்தான் 'பாக்ஸ்' என்று பெயர். தடுத்துத் தள்ள ஆறு பேர் இருக்கும்போது பெட்டிக்குள்ளும் ஆறே என்றால் ஓடுவது லாபம். பெட்டிக்குள் ஏழெட்டுப் பேர் என்றால் பின்னால் காவல் குறைவு, எறிய வேண்டும். அதே நேரத்தில் கடைக்கோடியைப் பாருங்கள்: சேஃப்டி என்ற காவல்காரர் இருவரா, ஒருவரா? இருவர் நின்றால் பெட்டி மெலிந்திருக்கும். மொத்தமே 11 பேர். ஒரு இடத்தில் கூட்டினால் இன்னொரு இடத்தில் குறையும்.

இந்தக் கணக்கைக் கலைப்பவன் ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக். எறிகிறவனே ஓடினால் தாக்குதலுக்கு ஒரு ஆள் கூடுதல். பள்ளி அளவில் அணியின் சிறந்த விளையாட்டுக்காரனையே அந்த இடத்தில் நிறுத்துவதால் இது இங்கே பெரிய ஆயுதம். ஆலன் பள்ளியில் கைலர் மர்ரி தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 42 ஆட்டத்திலும் அணி ஜெயித்தது. 2012 முதல் 2014 வரை மூன்று கோப்பை. 2019இல் தொழில்முறை டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவரும் அவரே.

தாக்கும் அணியின் முதல் சில நகர்வுகள் பெரும்பாலும் முன்பே எழுதிவைத்தவை. எதிரணி எப்படி நிற்கிறது என்று தடவிப் பார்க்கிறார்கள். அதில் புள்ளி வரவில்லையே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். இடைவேளைக்குப் பின் அவர்கள் எதைத் திரும்ப ஆடுகிறார்கள் என்று கவனியுங்கள், தடவிப் பார்த்ததில் கிடைத்தது அதுதான். இடைவேளையில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள், பள்ளி பேண்ட் வாசிக்கும் நேரம் அது. உறவினர் வீட்டுப் பெண் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவளாக இருந்தால், ஆட்டத்தைவிட அதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி.

படி 6: எட்டும் ஒன்பதும்

கடைசிப் பகுதியில் எட்டுப் புள்ளி பின்தங்கிய அணிக்கு ஒரு டச்டவுனும் இரண்டு கூடுதல் புள்ளியும் போதும், ஒரே முயற்சியில் சமன். ஒன்பது என்றால் பந்து இரண்டு முறை கைக்கு வர வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகமே மாறுகிறது. பயிற்சியாளர் சீக்கிரமே இரண்டு புள்ளிக்கு முயன்றால் அவசரக்காரர் என்று நினைக்காதீர்கள், இந்தக் கணக்குதான் அவர் மனதில் ஓடுகிறது. முன்னிலையில் இருக்கும் அணி ஓடிக்கொண்டே இருக்கும். பிடிபடாத பாஸ் கடிகாரத்தை நிறுத்திவிடும் என்ற பயம்.

சமநிலையில் முடிந்தால் ஆளுக்கொரு முறை 25 யார்டு கோட்டிலிருந்து பந்து கொடுத்து முடிவு காண்பார்கள். டெக்சஸ் அரசுப் பள்ளிகள் ஆடுவது கல்லூரி விதிகளில். 90களின் நடுப்பகுதி வரை இப்படி இல்லை. பிளேஆஃபில் சமன் ஆனால் எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள் எத்தனை முறை புகுந்தீர்கள் என்று எண்ணி வெற்றியைக் கொடுத்தார்கள். புள்ளியே எடுக்காமல் எட்டிப்பார்த்ததற்கும் மதிப்பு! அந்த விதியில் வெளியேறிய ஊர்க்காரர்களிடம் இன்றைக்கும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

படி 7: எப்போது எழுந்து போகலாம்?

சின்னஞ்சிறு பள்ளிகள் ஆடும் ஆறு பேர் ஃபுட்பாலில் இதற்கு விதியே உண்டு: பாதி ஆட்டத்துக்குப் பின் 45 புள்ளி வித்தியாசம் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். 11 பேர் ஆட்டத்தில் அப்படி இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நெரிசல் என்று மூன்று நிமிடம் முன்பே கிளம்பலாமே என்று மச்சான் சொல்வார். கேட்காதீர்கள்.

2018 இறுதி ஆட்டத்தில் 36–35 என்று முன்னிலையில் இருந்த டன்கன்வில் பள்ளியை, நார்த் ஷோர் பள்ளி கடைசி முயற்சியில் 45 யார்டு தூரம் வீசி 41–36 என்று தோற்கடித்தது. அதற்கும் முன்னால், 1994 நவம்பரில் டெக்சஸ் ஸ்டேடியத்தில் டைலர் நகரின் ஜான் டைலர் பள்ளியும் பிளேனோ ஈஸ்ட்டும். மூன்று நிமிடம் பாக்கி, ஜான் டைலர் 41, பிளேனோ ஈஸ்ட் 17. பிளேனோ ஈஸ்ட் ஒரு டச்டவுன் போட்டது. பின்பு உதைத்த அணியே பந்தைப் பிடிக்கப் பார்க்கும் ஆன்சைட் கிக். பிடித்தார்கள், டச்டவுன். மறுபடி ஆன்சைட், மறுபடி பிடித்தார்கள், டச்டவுன். மூன்றாம் முறையும். 24 நொடி மீதமிருக்க 44–41, பிளேனோ ஈஸ்ட் முன்னிலை. இனி வழக்கம்போலத் தூரமாக உதைத்தால் போதும். உதைத்தார்கள். அதைப் பிடித்த ஜான் டைலர் பையன் 97 யார்டு ஓடினான். 48–44.