ஐவர் கையில் சாவி

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் ஏன் இன்னும் கிடைக்கவில்லை?
- வாசகர், ஆய்க்குடி

பதில்: 1945-இல் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அந்தச் சாசனத்தின் 108-வது பிரிவுதான் இன்றைய முட்டுக்கட்டை. திருத்தம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் ஆதரவு மட்டும் போதாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துமே ஒப்புதல் தரவேண்டும். சாவி வைத்திருப்பவரிடமே பூட்டை மாற்றச் சொல்லும் கதை!

அவை விரிந்தது ஒரே முறை. 1963 வாக்கெடுப்பில் சோவியத்தும் பிரான்சும் எதிர்த்தன, பிறகு இறங்கிவந்தன. 1965-இல் 11 இடங்கள் 15 ஆயின. கூடிய நான்கும் வீட்டோ இல்லாத தற்காலிக இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று ஜப்பான், ஜெர்மனி, பிரேசிலும் இந்தியாவோடு வரிசையில் நிற்கின்றன. ஜப்பானுக்குச் சீனா, இந்தியாவுக்குப் பாகிஸ்தான், ஜெர்மனிக்கு இத்தாலி என்று ஆளுக்கொரு எதிர்ப்பாளர். வல்லரசுகள் மெனக்கெட்டுத் தடுக்க வேண்டிய அவசியமே பல நேரம் எழுவதில்லை.