இரவல் கடிகாரம்

நுழையும்முன்

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தமிழகத்திலிருந்து மலாயா சென்றோருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோருள் ஆங்கிலம் கற்ற பலர் இருப்புப்பாதை, நில அளவை முதலிய துறைகளில் எழுத்தர்களாயினர். இவ்வாறு இலங்கையிலிருந்து குடியேறிய ஓர் எழுத்தர் குடும்பத்தைப் பற்றிய வரலாற்றுப் புதினத்தை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

மலேசியாவில் பிறந்த ராணி மணிக்கா ஆங்கிலத்தில் எழுதிய முதல் புதினம் 'தி ரைஸ் மதர்'. 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தலைப்பு 'நெல் தாய்' எனப் பொருள்படும். தென்கிழக்காசிய உழவர்கள் நெல்லின் உயிரைத் தாயாகப் போற்றும் மரபினர்.

கதைத்தலைவி இலட்சுமி இலங்கையின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள். மலாயாவில் செல்வராக வாழ்வதாகச் சொல்லப்பட்ட ஒருவருக்கு அவளை 14 வயதில் மணம் முடிக்கின்றனர். மணமகனுக்கு வயது 37, மனைவியை இழந்தவர். புதினத்தில் அவர் பெயரே ஐயாதான். கடல் கடந்து வந்திறங்கிய பின்னரே உண்மை தெரிகிறது. ஐயா கடனில் உழலும் எளிய எழுத்தர். அவர் கையில் மின்னிய தங்கக் கடிகாரம் இரவல். துறைமுகத்திலிருந்து அழைத்து வந்த மகிழுந்தும் இரவல்.

பிறந்தகம் திரும்ப வழியில்லை. குவாந்தானில் ஒரு சிறு மரவீட்டில் அச்சிறுமி குடும்பத்தின் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். கடனை அடைக்கிறாள், தோட்டம் போடுகிறாள், காசை எண்ணி எண்ணிச் செலவிடுகிறாள். ஆறு குழந்தைகள் பிறக்கின்றனர். அண்டை வீட்டுச் சீனப் பணிப்பெண்ணுடன் அவள் கொள்ளும் நட்பு, புதினத்தின் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று. இருவருமே தம் விருப்பம் கேட்கப்படாமல் வேறொரு வீட்டிற்கு அனுப்பப்பட்டவர்கள் அல்லரோ!

ஜப்பானியர் ஆட்சி வருகிறது. பேரழகியான மூத்த மகள் மோகினியை வீட்டிற்குள்ளேயே ஒளித்துவைக்கிறாள் தாய். வறுமையை வென்ற அவளது மனவுறுதி இங்குத் தோற்கிறது. படைவீரர்கள் மோகினியைக் கொண்டுசெல்கின்றனர், அவள் மீளவில்லை. மோகினியோடு இரட்டையராகப் பிறந்த இலட்சுமணன் அத்துயரிலிருந்து கடைசிவரை விடுபடவில்லை.

புதினத்தை இலட்சுமி ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. கணவர், மக்கள், அடுத்த தலைமுறையினர் எனப் பலரும் தத்தம் குரலில் பேசுகின்றனர். தாய் தன் கடமையாகக் கருதியது பிள்ளைகளின் நினைவில் கொடுமையாகத் தெரிகிறது. அவள் கையாலாகாதவர் என்று இகழ்ந்த தந்தை அவர்களுக்கு அன்பின் வடிவாகிறார். எவர் சொல்வது உண்மை என ஆசிரியர் தீர்ப்பு வழங்கவில்லை. பிற்பகுதியில் தலைமுறைகள் பெருகக் கதையின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது. எனினும், இலட்சுமியின் குரல் ஒலிக்கும் முற்பகுதி, முதல் புதினம் எழுதுபவரின் கையெனத் தோன்றாத அளவு திண்மையுடையது. காமன்வெல்த் எழுத்தாளர் பரிசை 2003ஆம் ஆண்டு தன் வட்டாரத்திற்காக இந்நூல் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கியது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கு பலருக்கு அன்றாட உணவாயிற்று. ஜப்பானியர் வெளியிட்ட 10 டாலர் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் மக்கள் அப்பணத்தை வாழையின் பெயராலேயே வழங்கினர். 1945இல் போர் முடிந்ததும் அது செல்லாத் தாளாயிற்று.