பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? காரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பாருங்க

'ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2017 மாடல், 38,000 கிலோமீட்டர், டிஎன் 59 நம்பர், சிங்கிள் ஓனர், 13 லட்சம்.' இப்படி ஒரு விளம்பரம் உங்க போனுக்கு வருதுன்னு வச்சுக்கோங்க. புதுசா வந்தப்ப ஷோரூம் விலையே 24 லட்சத்துக்கு மேல இருந்த வண்டி. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

ஆசையைக் குறை சொல்லல. கணக்கை மட்டும் பார்ப்போம். கையில 4 லட்சம் இருக்கு, மீதி 9 லட்சத்துக்கு 13% வட்டியில 5 வருஷக் கடன்னா, மாசத் தவணை சுமார் 20,500 ரூபாய். வட்டி மட்டும் 3.28 லட்சம். வண்டி வீட்டு வாசல்ல ஓடாம நின்னாலும் தவணை நிக்காது. இன்னொண்ணு, ஒரு தனிநபர் தன் சொந்தக் காரை விக்கும்போது அவர் வியாபாரி இல்ல. வாரண்டி கிடையாது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போற வழியும் பெரும்பாலும் கிடைக்காது. ஏமாந்தா போலீஸ் புகார், இல்லன்னா சிவில் கேஸ்னு அலையணும்.

அதனால விக்கிறவர் பேச்சை நம்பலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதை விட்டுடுங்க. ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோட ஒப்பிடுங்க. ஒரு பேப்பர்ல பொய் எழுதலாம். நாலு பேப்பர்லயும் ஒரே பொய்யை ஒத்துப்போற மாதிரி எழுதுறது கஷ்டம்.

ஆர்.சி.யில ஆரம்பிங்க

நேர்ல போறதுக்கு முன்னாடியே ஆர்.சி.யோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தயங்கினா அங்கேயே விட்டுடலாம். பதிவு எண்ணை பரிவாகன் தளத்துல, இல்லன்னா எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. அவர் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்கு, கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கான்னு தெரியும். இ-சலான் தளத்துல நிலுவை அபராதத்தையும் அப்படியே பார்த்துடுங்க.

பைனான்ஸ் பேர் இருந்தா அந்த வண்டி மேல கடன் பதிவு இன்னும் நீங்கல. 'கடன் எப்பவோ கட்டியாச்சு சார், பேர் எடுக்க மறந்துட்டேன்'னு சொல்வாங்க. உண்மையாவும் இருக்கலாம். அப்படின்னா பேங்க் தந்த என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில இருக்கணும். அந்த என்.ஓ.சி. பழசா இருந்தா திரும்ப வாங்க வேண்டி வரும். அதை விக்கிறவரே முடிச்சுத் தரட்டும். கடன் பாக்கி இருந்தா, பணத்தை அவர் கையில கொடுக்காதீங்க, நேரா அந்தக் கடன் கணக்குல கட்டுங்க.

நம்பர் மதுரைன்னா டிஎன் 58, 59, 64 இந்த மூணுல ஒண்ணு. பிஒய், கேஎல், கேஏன்னு ஆரம்பிச்சா விலை ஏன் குறைவா இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பாண்டிச்சேரியில வரி குறைவுங்கிறதால அங்கே பதிஞ்சு வெளியில ஓட்டின சொகுசு கார்கள் மேல 2017-ல கேரளாவுல பெரிய விசாரணையே நடந்துச்சு. வெளிமாநில வண்டியை இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மறுபதிவு செய்யணும், தமிழ்நாட்டு வரியும் கட்டணும். அந்த வரியை விலையோட கூட்டிப் பார்த்தா 'சீப்' ரேட்டு பல நேரம் சீப்பா இருக்காது.

என்.சி.பி. சொல்ற கதை

நிறைய பேர் கவனிக்காத இடம் இது. விக்கிறவர்கிட்ட கடைசி மூணு வருஷ இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்க. அதுல 'நோ க்ளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம்னு பாருங்க. க்ளெய்ம் பண்ணாத ஒவ்வொரு வருஷத்துக்கும் அது 20, 25, 35, 45, 50ன்னு ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டா அடுத்த வருஷம் பூஜ்யம்.

நம்ம விளம்பரத்துக்கே வருவோம். 2017 வண்டி, ஒரே ஓனர், 'ஒரு கீறல் கூட இல்ல'. அப்போ 2023 வாக்கில 50% வந்திருக்கணும். ஆனா 2025 பிப்ரவரியில புதுப்பிச்ச பாலிசியில 20%னு இருக்குன்னு வைங்க. 20%ன்னா க்ளெய்ம் இல்லாம ஒரே ஒரு வருஷம்தான் போயிருக்கு. அதுக்கு முந்தின பாலிசி வருஷம் 2023 பிப்ரவரியில இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும். அதுக்குள்ளதான் 2023 டிசம்பர் வருது: மாத ஆரம்பத்துல சென்னையில மிக்ஜாம் புயல், 17, 18 தேதிகள்ல தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற சந்தை மதுரை.

இதை வச்சே வெள்ளத்துல மூழ்கின வண்டின்னு முடிவு கட்டிட முடியாது. பம்பர் மாத்தினதுக்குக் கூட க்ளெய்ம் போட்டிருக்கலாம். பாலிசி 90 நாளுக்கு மேல காலாவதியாகிக் கிடந்தாலும் போனஸ் போயிடும். வண்டி கை மாறினாலும் புது ஓனருக்குப் பழைய போனஸ் வராது. ஆனா 'அந்த வருஷம் என்ன க்ளெய்ம் சார்?'னு கேட்கிற உரிமை உங்களுக்கு வந்தாச்சு. க்ளெய்ம் பில்லைக் காட்டினா தெரிஞ்சிடும். மழுப்பினா சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து அடியில சேறு, கறை இருக்கான்னு பாருங்க. ஸ்டெப்னி வைக்கிற குழியையும் தரைவிரிப்புக்கு அடியிலயும் பாருங்க.

ஒரு விதிவிலக்கு: என்.சி.பி. ப்ரொடெக்ட் எடுத்திருந்தா க்ளெய்ம் போட்டும் போனஸ் அப்படியே நிக்கலாம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில போனஸே கிடையாது. 13 லட்ச வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் எதுக்குன்னு அதையும் கேளுங்க.

38,000 கிலோமீட்டர் நிஜமா?

மீட்டரைத் திருப்புறது பெரிய வித்தை இல்ல. கம்பெனி சர்வீஸ் பில் ஒவ்வொண்ணுலயும் அன்னைக்கு இருந்த கிலோமீட்டர் இருக்கும், தேதி வரிசையில அடுக்கிப் பாருங்க. பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டும் கேளுங்க. 'வார இறுதியில மட்டும் எடுப்பேன்'னு சொல்ற வண்டி மாசம் ரெண்டு தடவை சென்னைக்கு டோல் கட்டியிருந்தா, போக வர அதுவே மாசத்துக்கு சுமார் 1,800 கிலோமீட்டர், வருஷத்துக்கு 21,000-க்கு மேல. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2317ன்னா 2017-ஓட 23-வது வாரம். கண்ணாடிகள்லயும் தயாரிப்பு வருஷக் குறி உண்டு. அஞ்சு கண்ணாடி 2017, ஒண்ணு மட்டும் 2021ன்னா அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

இந்த வகைக் காருக்கு ஒரு ஸ்கேன் அவசியம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளைப் பார்த்துப் பழகின மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. சில கன்ட்ரோல் யூனிட்டுகள்ல தனியா கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், டேஷ்போர்டுல காட்டுறதோட ஒப்பிடலாம். இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் ஊர் நெரிசல்லயும் உத்தங்குடி–கப்பலூர் ரிங் ரோட்டுலயும் ஓட்டிப் பாருங்க. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தடுமாறுதான்னு முதல், ரெண்டாவது கியர்லதான் தெரியும்.

ரீமேப் பண்ணி பவர் ஏத்தியிருக்கா, எக்ஸாஸ்ட் மாத்தியிருக்கான்னும் கேளுங்க. 'ஸ்டேஜ் 1 பண்ணிருக்கேன்'னு பெருமையா சொல்வாங்க. கம்பெனி வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் நாளைக்கு உங்க க்ளெய்முக்குத்தான் தடையா நிக்கும்.

பணம் கை மாறுற நாள்

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தா, எதெல்லாம் சரியில்லன்னா திருப்பித் தரணும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. மீதிப் பணம் பேங்க் வழியாவே போகட்டும். 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, 'கேஷ்னா 50,000 குறைச்சுக்கலாம்'ங்கிற பேச்சுக்கு மசியாதீங்க. படிவம் 29, 30 ரெண்டும் அன்னைக்கே கையெழுத்தாகணும். ஆர்.சி.யில பேர் மாத்துறதுக்கு வாங்குறவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாள்தான். அதுவரைக்கும் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தொடரும், ஆனா உங்க வண்டிக்கு ஆகிற சேதத்துக்கு அந்தப் பாலிசி உங்க பேர்ல இல்ல. அதனால சாவி வாங்கின அன்னைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பம் போயிடணும். பழைய பாஸ்டேக்கை மூடச் சொல்லிட்டு உங்க பேர்ல புதுசு வாங்குங்க.