பழைய புல்லட்டை எழுப்பும் முன்

ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்ப்பக்கம் கொட்டகையில் வருடக்கணக்காக நிற்கும், திருவொற்றியூரில் தயாரான பாயிண்ட் செட் (காண்டாக்ட் பிரேக்கர்) புல்லட் உங்கள் கைக்கு வந்தால் உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்துங்கள். பிஸ்டன் அசையவில்லையா? பலவந்தம் வேண்டாம், இன்னும் ஊறட்டும். இந்தப் பொறுமைதான் சிலிண்டரைக் காப்பாற்றும்.

பழைய பெட்ரோல், ஆயில் இரண்டையும் முழுக்க வடித்துவிடுங்கள். பாயிண்ட் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.35–0.40 மி.மீ. வையுங்கள்.

இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். குழாய்களை மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.